குடியை நிறுத்தி 41 நாட்கள் ஆகின்றன: கும்பகோணம் வட்டாரத்தில் மீண்டவர்கள் கூடும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதியவர்: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் குடித்தேன். அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் காலையில் எழுந்தவுடனே குடிக்க வேண்டிய நிலையில் இருந்தேன். குடிக்காவிட்டால் கை நடுங்கும். செப்புக் கம்பிச் சுருளை ஸ்லாட்டுக்குள் இறக்குவதற்கு நடுங்காத கை வேண்டும் என்பதால், வேலை பார்ப்பதற்காகத்தான் குடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போடும் பழக்கம் உண்டு. அந்த 48 நாட்களும் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன். அதனால்தான் வீட்டில் யார் என்ன சொன்னாலும், "நினைத்தால் என்னால் நிறுத்த முடியும், மாலை போடும்போது பார்க்கவில்லையா" என்று வாயை அடைத்துவிடுவேன். ஆனால் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடையில் நிற்பேன். கடைசி மூன்று ஆண்டுகளாக மாலை போடவும் முடியவில்லை.

இந்த முறை யாரிடமும் கேட்காமல் நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் காலை பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மனநலப் பிரிவில் மூன்று வாரங்கள் இருந்து சிகிச்சை பெற்று வீடு திரும்பினேன். கிளம்பும்போது மருத்துவர், "மாத்திரையை விடாதீர்கள், அதோடு மீண்டவர்கள் நடத்தும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார். எங்கே, எப்படி என்று கேட்டதற்கு அங்கிருந்த எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பகலில் சமாளித்துவிடுகிறேன். மாலை ஆறரை மணிக்குப் பட்டறையின் ஷட்டரை இறக்கும் நேரம்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் டாஸ்மாக் இருக்கிறது. சுற்றுவழியில் போகிறேன். என்றாலும் அந்த ஒரு மணி நேரம் வாயில் உமிழ்நீர் ஊறுவதும், ஒரு காரணமும் இல்லாமல் எல்லோர் மீதும் எரிச்சல் வருவதும் நிற்கவில்லை. என் மனைவியிடம் இதைச் சொன்னால் பயந்துவிடுகிறாள், சொல்லாவிட்டால் சந்தேகப்படுகிறாள். இதே நிலையைக் கடந்து வந்த ஒருவரிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கூட்டம் நடக்கிறதா என்பதை யாரிடம் விசாரிப்பது? தேவாலய வளாகங்களில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். மதம் மாறச் சொல்வார்களோ என்று என் தாயார் அஞ்சுகிறார். எல்லாவற்றையும்விட, சிறிய ஊர் என்பதால் உள்ளே நுழையும்போது என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற கவலைதான் பெரிதாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எழுதியவர்: பழைய பயணி

ஐயா, வணக்கம். நான் திருச்சியில் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு குடிநோயாளி. மீண்ட பிறகும் "குடிநோயாளி" என்றே எங்களை நாங்கள் சொல்லிக்கொள்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளி சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தாலும் சர்க்கரை நோயாளிதான் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். உங்கள் 48 நாள் கதையைப் படித்தபோது என் கதையையே படித்ததுபோல் இருந்தது. நிறுத்துவது ஒன்று, நிறுத்திய நிலையிலேயே இருப்பது வேறொன்று. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன செய்வது என்பதற்கு எனக்கும் நெடுங்காலம் விடை தெரியாமல்தான் இருந்தது.

நீங்கள் தேடுவது பெரும்பாலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவாகத்தான் இருக்கும். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வோம். அது தொடங்கிய விதத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதுவும் உங்களைப் போல் ஒருவர் துணை தேடிய கதைதான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போயிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் நின்றபோது ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி கேட்டது. அவர் அங்கே போகாமல், தொலைபேசிக்குப் போய், அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்தார். "நான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும்" என்பதே அவர் கேட்ட உதவி. அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்த அவர் பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 ஆம் நாளையே இந்த இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். மாலை ஆறரை மணிக்கு உங்களுக்கு இன்னொருவரிடம் பேச வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்தத் தோன்றல் சரியானது. அதை அடக்கிவிடாதீர்கள்.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு வருகிறேன். இந்தியாவில் இந்த அமைப்பின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உதவி எண்களைப் பார்த்து, தமிழ்நாட்டுக்குரிய எண்ணை அழையுங்கள். எடுப்பவரும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் ஊரைச் சொன்னால் பக்கத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே கூட்டம் நடக்கிறது என்று சொல்வார். இரண்டாவது வழி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. பல ஊர்களில் எங்கள் உறுப்பினர்கள் வார்டுகளுக்கே சென்று உள்நோயாளிகளிடம் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மருத்துவருக்குத் தெரியாவிட்டாலும், அங்கே பணிபுரியும் சமூகப் பணியாளருக்கோ மூத்த செவிலியருக்கோ அந்த உறுப்பினர்களில் ஒருவரின் எண் தெரிந்திருக்கும். உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்காமல் போனது வருத்தமாக இருக்கிறது.

எந்த வழியில் தெரிந்துகொண்டாலும் பஸ் ஏறுவதற்கு முன் ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில் இடம் கிடைப்பதைப் பொறுத்து நாளும் நேரமும் மாறும். துணிந்து கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மாலை, புதியவருக்கு மிகவும் ஆபத்தான மாலை. நான் அப்படி ஒருவரை இழந்திருக்கிறேன் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர், மருத்துவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல் முறை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் திறந்த கூட்டமாகப் பார்த்து மனைவியையும் அழைத்துப் போங்கள். உள்ளே உங்கள் முகவரியை யாரும் கேட்கமாட்டார்கள், கையெழுத்தும் வாங்கமாட்டார்கள். உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும். விருப்பமுள்ள உறுப்பினர் வாடகைக்கும் தேநீருக்கும் பத்தோ இருபதோ போடுவார்கள். வெளியார் நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை. பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் முதல் மூன்று கூட்டங்களில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வாடிக்கையாளர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார், ஐயா. பதினான்கு ஆண்டுகளில் எனக்குத் தெரிந்த முகங்கள் பல அந்த அறைக்குள் வந்திருக்கின்றன. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட என் மனைவியிடம் நான் சொன்னதில்லை, என் பெயரை அவர்களும் வெளியே சொன்னதில்லை. அதோடு இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பட்டறையில் நீங்கள் விழுந்த அன்று பார்த்த கடைத்தெருவுக்கு உங்கள் குடி தெரியாத செய்தியா? தெரியாமல் இருப்பது நீங்கள் மீண்டு வருகிறீர்கள் என்பதுதான்.

எழுதியவர்: வார்டு எண் 7

நான் ஒரு மனநல மருத்துவப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மேலே பெரியவர் சொன்னவற்றோடு மருத்துவம் சார்ந்த சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த இழையைக் குடித்துக்கொண்டிருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் படிக்கக்கூடும்.

நீண்ட நாள் அன்றாடம் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்படும். இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடல் முழுவதும் உதறும். "பேய் பிடித்துவிட்டது" என்று அந்த நேரத்தில் வேறு இடங்களுக்கு அழைத்துப் போய், காலம் கடந்து எங்களிடம் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மூளை மதுவுக்குப் பழகிப்போனதால் வரும் விளைவு. மருத்துவமனையில் சில நாட்கள் மாத்திரையும் தயமின் என்ற பி1 சத்து ஊசியும் கொடுத்து, படிப்படியாகக் கொண்டுவந்தால் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம். ஆகவே குழு என்பது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மருத்துவம் உடம்பிலிருந்து மதுவை இறக்குகிறது, அதற்குப் பிறகு வரும் நெடிய காலத்துக்குத்தான் குழு தேவைப்படுகிறது. குழுவால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. முறைப்படி ஏ.ஏ.யுடன் இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாக அதில் தெரியவந்தது.

அரசலாற்றங்கரை அவர்களே, உங்களுக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகளில், மது உள்ளே போனால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்பிரம் இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இருந்தால், அதை உட்கொள்ளும் காலத்தில் மட்டுமல்ல, நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்கள் வரை எந்த வடிவத்திலும் மது உள்ளே போகக்கூடாது. சில இருமல் டானிக்குகளில் மது உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிஷ்டங்களில் நொதித்தலால் உருவாகும் மது உண்டு. பசியெடுக்கட்டும் என்று வீட்டில் நல்லெண்ணத்தோடு அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இதே மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. அதைவிடக் கொடியது வேறில்லை. அவர் வெளியே போய்க் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அபாயம் உண்டு. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரம் எதையும் நம்பாதீர்கள்.

குழு கிடைக்கும்வரை உடனடியாகப் பேசுவதற்கு மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போதை மீட்புக்கென்றே மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் எண் 14446. தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் திறக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு அருகில் எது என்று அங்கே கேட்கலாம்.

தேடும்போது தனியார் மறுவாழ்வு இல்லங்களின் விளம்பரங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றில் நல்லவை பல உண்டு. ஆனால் 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரவில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கி வருவோம், மூன்று மாதம் வீட்டார் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்துக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

உங்கள் வட்டாரத்தைப் பற்றி ஒரு செய்தி. சென்னையிலுள்ள டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980 இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். தம் கணவரைக் குடியால் இளவயதிலேயே இழந்தவர் அவர். அந்த அறக்கட்டளை குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் 1989 முதல் கிராமத்து மக்களுக்காகச் சிகிச்சை முகாம்கள் நடத்தியிருக்கிறது. அங்கிருந்து மீண்டவர்கள் உங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் இருப்பார்கள். யாரும் இல்லாத வட்டாரத்தில் நீங்கள் தனியாக நிற்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எழுதியவர்: மருதோன்றி

தம்பி, நான் குடித்தவள் அல்ல, குடித்தவரோடு வாழ்ந்தவள். என் கணவர் நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் மனைவி பயப்படுவதாகவும் சந்தேகப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் கணவர் நிறுத்திய முதல் ஆண்டு முழுவதும், அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் ஒரு நொடி மூச்சை உள்ளே இழுத்து முகர்ந்து பார்ப்பேன். அவர் நல்ல சட்டை போட்டால் யாரைப் பார்க்கப் போகிறாரோ என்று வயிறு கலங்கும். செல்போனை எடுக்கத் தாமதித்தால் கடைசிப் பஸ் வரும்வரை வாசலில் நிற்பேன். அவர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பதினைந்து ஆண்டுகளாகக் காவல் காத்த என் மனத்துக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் அவரைக் காயப்படுத்தியது, அவர் கோபம் என்னைக் காயப்படுத்தியது. இரண்டு பேரும் குடியில்லாத வீட்டில் குடியைச் சுற்றியே வாழ்ந்தோம்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1951 இல் தொடங்கியவை. ஏ.ஏ.யைத் தொடங்கிய பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான் அவற்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணவரின் குழுவில் விசாரித்தால் மனைவிமார் குழு எங்கே என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடக்கும் ஊர்களும் உண்டு. முதல் நாள் அங்கே என்னிடம் ஓர் அம்மா சொன்னது இதுதான்: "அவர் குடிக்கு நீ காரணம் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவும் உன்னால் முடியாது, குணப்படுத்தவும் உன்னால் முடியாது." அதுவரை என் மாமியார் வீட்டில், நான் சரியாக நடந்துகொண்டிருந்தால் அவர் குடித்திருக்கமாட்டார் என்றே கேட்டு வளர்ந்த காதுகள் என்னுடையவை. பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

உங்கள் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் நிறுத்தியதற்காக அவர் உடனே நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாலையைக் கழற்றிய அன்றே ஏமாந்த அனுபவம் அவருக்கு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எழுதியவர்: கருப்பும் சிவப்பும்

மதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மூன்று தலைமுறையாகக் கடவுள் மறுப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்தக் காரணத்தைச் சொல்லியே இரண்டு ஆண்டுகள் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன், அந்த இரண்டு ஆண்டுகளும் குடித்தேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ஆனால் "நாம் அவரைப் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற தொடரும் அதனோடு சேர்ந்தே வருகிறது. என் குழுவில் விபூதி பூசியவரும், தொழுகை முடித்துத் தொப்பியோடு வருபவரும், ஞாயிறு தோறும் பூசைக்குப் போகிறவரும் இருக்கிறார்கள். என்னைவிடப் பெரிய ஒரு சக்தி எது என்று கேட்டபோது, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரும் சேர்ந்ததுதான் என்று சொன்னேன். தனியாக என்னால் முடியாத ஒன்று அவர்களோடு உட்காரும்போது முடிகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை. தேவாலயத்தில் நடப்பதற்குக் காரணம் குறைந்த வாடகையில் அறை கிடைப்பதுதான். உங்கள் தாயாரிடம் தயக்கமில்லாமல் சொல்லுங்கள்.

எழுதியவர்: பெயர் வேண்டாம்

இந்த இழையை ஒரு பெண்ணும் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். நான் ஆசிரியையாக இருக்கிறேன், நான்கு ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் முப்பது ஆண்களுக்கு நடுவே உட்கார என்னால் முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்திலிருந்து சூம் வழியாக நடக்கும் கூட்டங்களில் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் இருக்கின்றன என்று உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் ஆறு மாதங்கள் கேமராவை அணைத்து வைத்து, மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே நின்றபடிதான் கேட்டேன். இங்கே எல்லோரும் கணவர், தம்பி, ஐயா என்றே எழுதியிருக்கிறீர்கள். அது இயல்புதான். என்றாலும் குடிக்கும் பெண்ணுக்கு மருத்துவரிடம் போகும் வழியே ஊரில் அடைபட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படி ஒருவர் இதைப் படித்தால், 14416 இல் பேசுபவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

எழுதியவர்: அரசலாற்றங்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் என் வணக்கம். மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இன்றோடு 63 நாட்கள்.

உதவி எண்ணை அழைக்க எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. எண்களை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுவேன். நான்காம் நாள் மாலை ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே கீழே உட்கார்ந்துகொண்டு அழைத்தேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. "இப்போது குடித்திருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். மதியம் சாப்பிடவில்லை என்றேன். முதலில் போய்ச் சாப்பிடுங்கள், பசியும் கோபமும் தனிமையும் களைப்பும்தான் நம்மைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் நான்கு பேர் என்று சொன்னார். ஆறரை மணி எரிச்சலுக்குக் காரணம் தேடி நான் என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளுவதும், சில நாள் விட்டேவிடுவதும் பல ஆண்டுப் பழக்கம். இப்போது ஒரு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் சரியாகிவிடவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஓர் ஊரில் வாரம் இருமுறை கூட்டம் நடக்கிறது. ஊர்ப் பெயரை எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிறவர்களை எண்ணித்தான் எழுதவில்லை. பெரியவர் சொன்னபடி போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு மனைவியோடு போனேன். ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறை. கரும்பலகையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குகள் அழிக்கப்படாமல் இருந்தன. பதினோரு பேர் இருந்தார்கள். பெஞ்சுகள் குழந்தைகளுக்கானவை என்பதால் எல்லோரும் முழங்காலை உயர்த்தி உட்கார்ந்திருந்தோம். வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஆனால் நான் சரக்கு வாங்கும் செப்புக் கம்பிக் கடையில் கணக்கெழுதுபவர் இருந்தார். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். "நான் ஒரு குடிநோயாளி" என்பதைச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது கூட்டத்தில் சொன்னேன். அன்று என் மனைவி வரவில்லை. அவளுக்கான குழு அங்கே இல்லை என்பதால், மருதோன்றி அக்கா எழுதியதை வைத்துக்கொண்டு இணையவழிக் கூட்டம் ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறோம்.

வார்டு எண் 7 அவர்கள் சொன்னபடி சீட்டைப் பார்த்தேன். டைசல்பிரம் இருக்கிறது. அம்மா எனக்காக வாங்கி வைத்திருந்த திராட்சாரிஷ்டம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நீங்கள் எழுதாவிட்டால் அதைக் குடித்திருப்பேன்.

பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கெழுதுபவரும் நானும் இப்போது ஒரே பஸ்ஸில் போகிறோம். எங்கள் ஊரிலேயே வாரம் ஒருநாள் உட்காரலாமா என்று அவர் கேட்கிறார். அவர் நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, நான் இரண்டு மாதத்துக்காரன். இதற்கு எத்தனை பேர் வேண்டும், யாரிடம் தெரிவிக்க வேண்டும்?

எழுதியவர்: பழைய பயணி

ஐயா, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு பேர் கூடினாலே அதைக் குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது எங்கள் மரபு. பிறகு மும்பை அலுவலகத்துக்கு எழுதிப் பதிவு செய்துகொண்டால், அடுத்து உங்கள் வட்டாரத்திலிருந்து அழைப்பவருக்கு உங்கள் ஊரின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் தேநீர் போடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது போய்வரும் அந்தக் கூட்டத்தை ஓராண்டுக்காவது விட்டுவிடாதீர்கள். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஆறரை மணிக்கு ஷட்டரை இறக்கியதும் அழையுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.

எழுதியவர்: அரசலாற்றங்கரை

எண் கிடைத்தது, ஐயா. இன்று மாலை அழைக்கிறேன். நாளை கூட்டத்துக்குச் சற்று முன்னதாகவே போகிறோம். அந்த வகுப்பறையின் மின்விசிறி மெதுவாகச் சுற்றி உறுமிக்கொண்டிருக்கிறது, கண்டென்சர் போயிருக்க வேண்டும். புதிதாக ஒன்றை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.